கல் யாருடையது?

குருநகர்க் கரையிலே, வெயில் தாழ்ந்த பிற்பகல் வேளையில், கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நாம் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தோம். சென்னை மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையின் படம் அது. நால்வர் சேர்ந்து ஒரு பெரும் பாறையை நெம்பிப் பெயர்க்க முயல்கின்றனர். இடையில் ஒரு துண்டுத் துணி, கையில் நெம்புகோல், வேறொன்றுமில்லை.

படத்தை அவரிடம் கொண்டுசெல்ல ஒரு காரணம் இருந்தது. ஊர் இளைஞர் சிலர் கடலோரத்தில் மீனவனுக்கு ஒரு சிலை எழுப்ப வேண்டுமென்று பேசிக்கொண்டிருக்கின்றனர். தேர்களுக்கும் திருவிழாக்களுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை உழைப்பவனின் உருவத்துக்குச் செலவிட்டால் என்ன என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்வி. மாதிரியாக அவர்கள் எம்மிடம் காட்டியது மெரினாச் சிலையை. எமது கருத்தைக் கேட்டபோது, இழுப்பதும் நெம்புவதும் இன்னதென்று உடம்பால் அறிந்த ஒருவரிடம் முதலில் கேட்பதே முறை என்று எமக்குப் பட்டது. அம்முதியவர் இளமையில் முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டுக் கரைவலை இழுத்தவர்.

படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மாஸ்ரர், உதிலை அம்பா போடுறது ஆர்? நாலு பேரும் நாலு மாதிரி நிக்கினம். ஒரு மூச்சிலை இழுக்காட்டில் கல்லு அசையாது." சற்றுப் பொறுத்து, படத்தைத் திருப்பித் தரும்போது இன்னொன்றும் கேட்டார்: "அதை விடுங்கோ. கல்லு ஆற்ரை?"

சிற்பம் பற்றி நாம் படித்த நூல்களில் இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நாம் கண்டதில்லை. முதற் கேள்வி உருவம் பற்றியது. இரண்டாவது உள்ளடக்கம் பற்றியது. இரண்டுக்கும் விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. ஆனால் விடைக்கு நேராக மெரினாவுக்குப் போய்விட முடியாது. 'உழைப்பு' என்ற சொல்லுக்கு உடல் கொடுத்து, அதை வெண்கலத்தில் வார்த்துப் பீடமேற்றும் வழக்கம் எமது மண்ணில் முளைத்ததன்று. அதன் பிறந்தகம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சு. எனவே முதலில் அங்கே செல்ல வேண்டும்.

1830களில் பாரீஸ் நகரில் அக்கீல் கொலா என்பவர் ஒரு பொறியை அமைத்தார். பெரிய சிலையொன்றை வேண்டிய அளவுக்குச் சிறிதாக்கிப் பிரதி செய்யும் பொறி அது. பார்பெதியென் என்ற முதலாளி அவரோடு சேர்ந்து வார்ப்புத் தொழில் தொடங்கினார். அதுகாறும் அரசனின் சதுக்கத்திலும் பிரபுவின் தோட்டத்திலும் நின்ற சிற்பம், அதன்பின் வணிகனின் வரவேற்பறையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. ஆலை முதலாளி, வங்கிக்காரன், வழக்கறிஞன் ஆகியோரே இப்புதிய வெண்கலங்களை வாங்கினர். வாங்குவோரின் மனம் அறிந்து செய்வோர் தோன்றினர். எமில் லூயி பிக்கோ (1833-1915) அவர்களுள் ஒருவர். இன்றும் பழம்பொருள் ஏலங்களில் அவருடைய சிலைகள் அடிக்கடி விலைபோகின்றன. 'அமைதியும் உழைப்பும்' என்று இலத்தீனில் பெயர் பொறித்த சிலையொன்று அவருடையவற்றுள் நன்கு அறியப்பட்டது. இவ்வகைச் சிலைகளின் அடியில் பெரும்பாலும் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் 'உழைப்பு', 'அறிவியல்', 'வெற்றி', 'நாடு' என ஒரு பெயர். தகட்டைக் கழற்றிவிட்டால் எந்தச் சிலை உழைப்பு, எது வெற்றி என்று சொல்வது கடினம். எல்லாம் ஒரே கிரேக்க மல்லனின் உடல். கையில் உள்ள பொருள் மட்டும் வேறு.

உருவகச் சிற்பத்தை நாம் முற்றாக வெறுக்கவில்லை. தமிழ்த்தாய்க்கும் பாரதமாதாவுக்கும் உருவம் தந்து மகிழ்ந்த மக்களுக்கு உருவகம் அந்நியமானதன்று. ஆனால் பிரெஞ்சு வரவேற்பறை வெண்கலத்தின் இரகசியம் ஒன்றுண்டு. அதற்கு உழைப்பாளி வேண்டியதில்லை. 'உழைப்பு' இருந்தாற் போதும். உழைப்பாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும், அவன் சங்கம் அமைப்பான், வேலைநிறுத்தம் செய்வான். 'உழைப்பு' அப்படியன்று. அது வியர்ப்பதில்லை. சம்மட்டியைச் செங்கோல் போலத் தாங்கிக்கொண்டு, முதலாளியின் மேசைமேல், வாய் பேசாது நிற்கும்.

இந்தத் தகட்டு மரபை உள்ளிருந்தே உடைக்க முயன்ற ஒரு மனிதரைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூல் டலூ என்பது அவர் பெயர். ரோடானின் பெயரை அறிந்த எம்மவர் பலர் இவரை அறியார். இருவரும் ஒரே கலைப்பள்ளியில் இளமையிற் பயின்றவர்கள். 1883இல் ரோடான் இவருடைய மார்பளவுச் சிலையொன்றையும் செய்தார். டலூ 1838 டிசம்பர் 31இல் பாரீஸில் கையுறை தைக்கும் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1871இல் பாரீஸ் கம்யூன் எழுந்தபோது, ஓவியர் கூர்பே தலைமையேற்ற கலைஞர் சம்மேளனத்தில் டலூவும் சேர்ந்தார். லூவர் அரும்பொருட் சாலையைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தெருக்களிலே பீரங்கி முழங்க, அவர் அங்கே சிலைகளையும் ஓவியங்களையும் காத்து நின்றார். கம்யூன் குருதியில் மூழ்கடிக்கப்பட்டதும், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு லண்டனுக்குத் தப்பிச் சென்றார். பிரெஞ்சு நீதிமன்றம் அவர் இல்லாமலே அவருக்கு ஆயுட்காலக் கடூழியத் தண்டனை விதித்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் அயல்நாட்டில் வாழ்ந்தார். சிற்பம் கற்பித்தும், குழந்தைக்குப் பாலூட்டும் குடியானவப் பெண்களை மண்ணிற் பிசைந்து விற்றும் பிழைத்தார்.

1879இல் பாரீஸ் நகரசபை குடியரசுக்கு ஒரு சிலை எழுப்பப் போட்டி வைத்தது. டலூ லண்டனிலிருந்தே தம் மாதிரியை அனுப்பினார். அது போட்டி விதிகளுக்கு அடங்கவில்லை. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ஆயினும் டலூவின் திட்டம் நகரசபையைக் கவர்ந்தமையால், இன்னொரு சதுக்கத்தில் அதை நிறுவ முடிவாயிற்று. இருபது ஆண்டுகள் அவர் அதில் உழைத்தார். 'குடியரசின் வெற்றி' என்ற அப்பெருஞ்சிற்பத்தின் வெண்கல வடிவம் 1899 நவம்பர் 19இல் 'நாசியோன்' சதுக்கத்தில் திறந்து வைக்கப்பட்டது.

சிற்பத்தைச் சற்று உற்று நோக்குவோம். இரண்டு சிங்கங்கள் பூட்டிய தேர். மேலே உலகுருண்டை மீது குடியரசு என்னும் பெண். முன்னே தீவட்டி ஏந்திய சுதந்திரம். பின்னே மலரும் கனியும் சொரியும் வளம். இவையெல்லாம் பழைய தகட்டு மரபே. மன்னர்களின் வெற்றித்தேரை எடுத்து அதில் மன்னனுக்குப் பதிலாகக் குடியரசை ஏற்றியிருக்கிறார், அவ்வளவே. ஆனால் தேரின் பக்கத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே நீதி என்னும் பெண்ணுக்கு இணையாக, தோலாடை கட்டிய கொல்லன் ஒருவன் தோளிற் சம்மட்டியோடு தேரைத் தள்ளுகிறான். மற்றவர்கள் விண்ணுலகத்தவர். இவன் மட்டும் பாரீஸின் தொழிற்பேட்டையிலிருந்து நேரே வந்தவன். சிங்கங்கள் பூட்டியிருந்தும் தேரை நகர்த்துவது இவன் தோள்தான் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு எழாமற் போகாது. திறப்புவிழா நாளில் பாரீஸின் தொழிலாளர் பெருந்திரளாகச் செங்கொடிகளுடன் அச்சதுக்கத்தைக் கடந்து அணிவகுத்தனர். அவர்கள் வாழ்த்தியது உருண்டை மீது நின்ற பெண்ணையா, சக்கரத்தருகே நின்ற கொல்லனையா என்பதை ஆய்வாளர் எப்படி எழுதினாலும், எமக்கு விடையில் ஐயமில்லை.

டலூவுக்கு இதுவும் போதவில்லை. சிங்கமும் தீவட்டியும் இல்லாமல், உழைப்பாளிக்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டுமென்று அவர் 1889 அளவிலிருந்து எண்ணமிட்டார். அதற்காகத் தொழிலிடங்களுக்குச் சென்று பார்த்து, கையளவு மண்ணுருவங்களாக வேலை செய்வோரைச் செய்து குவித்தார். மண்வெட்டுவோன், விதைப்போன், தெருக் கல் பதிப்போன், அரிவாளைத் தட்டித் தீட்டுவோன் என அவை நூற்றுக்கு மேல். ஒன்றிலும் தகடு வேண்டியதில்லை. முதுகு வளைந்த வகையே தொழிலைச் சொல்லிவிடும். இன்று பாரீஸின் 'பெத்தி பலே' அரும்பொருட் சாலையில் அவை உள்ளன. நினைவுச்சின்னம் மட்டும் எழவில்லை. 1902 ஏப்ரலில் டலூ இறந்தார். முழு அளவில் அவர் செய்து முடித்த ஒரே உருவம் ஒரு குடியானவன். ஏறக்குறைய ஆளுயரத்துக்குச் சற்று மேல். அவன் வேலை செய்யவில்லை. தலையைக் குனிந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, வேலை தொடங்கப் போகிறான். அந்தக் கைச்சுருட்டலில் ஒரு நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ரோடானும் உழைப்புக்கு ஒரு கோபுரம் திட்டமிட்டார், அதுவும் எழவில்லை. பெல்ஜியத்தின் மெயுனியே சுரங்கத் தொழிலாளரையும் துறைமுகச் சுமைகாரரையும் அற்புதமாக வடித்தவர். அவர் இறந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னரே, 1930இல், அவருடைய உழைப்பு நினைவுச்சின்னம் பிரஸல்ஸில் நிறுவப்பட்டது. உழைப்பாளியைச் சிறு சிலையாக விற்கச் சந்தை உண்டு. பெருஞ்சிலையாக நிறுத்த இடமில்லை. ஐரோப்பாவின் கதை இது.

பாரீஸ் எழுப்பத் தவறியதைச் சென்னை எழுப்பியது. 1959 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முந்திய நாள், மெரினாவில் உழைப்பாளர் சிலை திறந்து வைக்கப்பட்டது. காமராசர் ஆட்சிக் காலம். சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி. 1899இல் வங்கத்தின் ரங்கப்பூர்ப் பகுதியில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929இல் சென்னை அரசினர் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்று, கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கே பணியாற்றினார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. பணிக்கர், தனபால் போன்ற தென்னாட்டுக் கலைஞர்கள் அவருடைய மாணவர்கள். பிரான்சில் அவர் பயின்றதில்லை. எனினும் ரோடானின் தாக்கம் அவருடைய விரலடிகளில் வெளிப்படை. மெருகேற்றி வழுவழுப்பாக்காத மேற்பரப்பு, ஒளியும் நிழலும் பள்ளந்தோறும் மோதும் தசை, பேசும் முதுகு ஆகிய யாவும் அங்கிருந்து வந்தவை. 1942இல் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்த ஏழு மாணவருக்குப் பாட்னாவில் நிற்கும் நினைவுச்சிற்பமும் அவர் ஆக்கமே. பசிக்கு இரையானோரையும் அவர் வெண்கலத்தில் வடித்தார். ஜமீன் வீட்டுப் பிள்ளை உழைப்பாளியை எப்படி அறிவான் என்று கேட்போர் உண்டு. கேள்வி தவறன்று. ஆயின் படைப்பை வைத்தே விடை சொல்ல வேண்டும், பிறப்பை வைத்தல்ல.

படைப்பு என்ன சொல்கிறது? முதலாவதாக, தகடு இங்கே தேவையற்றுப் போயிற்று. தேவதையில்லை, தீவட்டியில்லை, உருண்டையில்லை. டலூவின் தேரிலிருந்து அந்தக் கொல்லனை மட்டும் இறக்கி, தேரையும் அதில் ஏறியிருந்தோரையும் அகற்றிவிட்டால் எது மிஞ்சுமோ அது இங்கே நால்வராக நிற்கிறது. உடல்களும் கிரேக்க மல்லரின் உடல்களல்ல. நரம்போடி முறுக்கேறிய, வெயிலில் உலர்ந்த, நம் நாட்டுக் கூலியாட்களின் உடல்கள். கலைப்பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவர் சிற்பிக்கு மாதிரியாக நின்றார் என்பர். அது பொருத்தமே.

இதன் பெருமை தமிழ் மண்ணின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதே முழுதாகத் தெரியும். சோழர் காலந்தொட்டு எம்மிடையே வெண்கலம் தெய்வத்துக்குரிய உலோகம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் தச்சுக்கலை உலகம் வியப்பது. அவ்வாறு வார்த்த திருமேனிகள் வீதியுலா வரும்போது தூக்கிச் சென்ற தோள்கள் எத்தனை தலைமுறைத் தோள்கள்! அத்தோளுக்கு யாரும் உலோகம் வார்த்ததில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சுமந்தவன் மேடைக்கு வந்தான். மெரினாவில் நிகழ்ந்தது அதுதான். இதைக் குறைத்து மதிப்பிடும் உரிமை எமக்கில்லை.

இனி, முதியவரின் முதற் கேள்வி. நாலு பேரும் நாலு மாதிரி நிற்பது குறையா?

கரைவலையின் இலக்கணத்தில் அது குறையே. கயிற்றைப் பிடித்த இருபது பேரும் ஒரே கணத்தில் பின்சாய வேண்டும். அதற்காகவே அம்பா பிறந்தது. ஒருவன் அடி எடுக்க, மற்றவர் முடிக்கும் அந்தச் சொல்லுக்கும் இழுப்புக்கும் இடையில் மூச்சு ஒன்றாகிறது. தமிழ்நாட்டுக் கரையில் இதையே ஏலேலோ என்பர். உழைப்பின் கூட்டுத்தன்மை என்று நாம் மேடைகளில் முழங்குவதை அம்பா தொண்டையில் வைத்திருக்கிறது. இந்நோக்கில் பார்த்தால், மெரினாவின் நால்வரும் தனித்தனியே திணறுகிறார்கள் என்றே தோன்றும்.

ஆனால் சிற்பத்தின் இலக்கணம் வேறு. ரோடான் இதுபற்றிச் சிந்தித்தவர். ஒரு கணத்தை அப்படியே உறைய வைத்தால் அசைவு செத்துப்போகும் என்றும், ஓர் உருவின் ஒரு பகுதியில் முன்கணத்தையும் மற்றப் பகுதியில் பின்கணத்தையும் அமைத்தாலே பார்ப்பவன் கண்ணில் அசைவு பிறக்கும் என்றும் அவர் விளக்கினார். ராய் சவுத்ரி ஓர் உடலில் ரோடான் கண்டதை நான்கு உடல்களில் பகிர்ந்து வைத்திருக்கிறார். ஒருவன் ஊன்றுகிறான். ஒருவன் உடலின் பாரமெல்லாம் கோலில் இறக்குகிறான். இன்னொருவனின் முயற்சி உச்சத்தில் நிற்கிறது. நால்வரும் ஒரே நெம்பலின் நான்கு கணங்கள். ஒருவரிலிருந்து மற்றவருக்குக் கண் செல்லும்போது பாறை அசைவதாக எமக்குத் தோன்றுகிறதே, அதன் காரணம் இதுவே. நால்வரையும் ஒரே சாயலில் நிறுத்தியிருந்தால் அது படையணியின் பயிற்சி போல் ஆகியிருக்கும். ஆதலால் இவ்விடத்தில் நாம் சிற்பியின் பக்கமே நிற்கிறோம். முதியவரின் கேள்வி தவறென்று இதன் பொருளன்று. அம்பாவைக் காதுக்குக் கொடுக்க முடியாத உலோகம், அதைக் கண்ணுக்கு எப்படிக் கொடுக்கும் என்று அவர் கேட்டதாகவே நாம் கொள்கிறோம். விடை அந்த நான்கு கணங்கள்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு எளிதாக விடை சொல்லச் சிற்பம் இடந்தரவில்லை.

கல் யாருடையது? பெயர்த்த பின் அது எங்கே போகும்? அணைக்கா, மாளிகைக்கா? நால்வருக்கும் அன்று மாலை என்ன கிடைக்கும்? சிற்பத்தில் இதற்கெல்லாம் குறிப்பே இல்லை. கரைவலையில் சம்மாட்டி உண்டு. வலையும் தோணியும் அவருடையவை. மீன் கரைக்கு வந்ததும் பங்கு பிரிக்கும் கணக்கு உண்டு. இழுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோவது எவ்வளவு என்பது அக்கணக்கில் இருக்கிறது. மெரினாவில் சம்மாட்டி இல்லை. மனிதனும் பாறையும் மட்டுமே. அதாவது, உழைப்பு இங்கே இயற்கையோடு போராடுகிறது. இன்னொரு மனிதனோடு அதற்கு வழக்கே கிடையாது. 1959ஆம் ஆண்டின் அரசுக்கு இதைவிட உவப்பான சிற்பம் இருந்திருக்க முடியாது. ஐந்தாண்டுத் திட்டங்களும் அணைகளும் உருக்காலைகளும் எழுந்த காலம் அது. எல்லோரும் சேர்ந்து தேசம் என்னும் பாறையை நகர்த்துவோம் என்பது அக்காலத்தின் முழக்கம். முழக்கத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் நெம்புகோல் பிடித்தவனும் ஒப்பந்தக்காரனும் ஒன்றாக அடங்கிவிட்டனர். சிலையின் ஆங்கிலப் பெயர் 'உழைப்பின் வெற்றி' என்று பொருள்படும். பாறையோ இன்னும் பெயரவில்லை. வெற்றி எவருடையது என்றும் சொல்லப்படவில்லை. பிரெஞ்சுத் தகடு எங்கோ ஓரிடத்தில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. தமிழ் மக்கள் அதை 'உழைப்பாளர் சிலை' என்று அழைத்து, 'உழைப்'பை மீண்டும் உழைப்பாளர் ஆக்கினர். பெயரிடுவதில் மக்கள் சிற்பியையும் அரசையும் விட நுட்பமானவர்கள்.

அந்தக் கடற்கரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இடங்கள் இரண்டும் சென்னைக் கடற்கரையிலேயே இருந்தன. சிங்காரவேலர் மீனவ குலத்தவர். மெரினாவை ஒட்டிய அயோத்தியாகுப்பத்தில் பிறந்தவர். அவருடைய மே தினத்தின் நினைவாகவே சிலை எழுந்ததென்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை வளர்ந்ததில் வியப்பில்லை. ஆண்டுதோறும் மே நாளில் தொழிற்சங்கத்தினர் அங்கே மாலையிட்டுச் சூளுரைக்கின்றனர். உண்மையில் சிலை எழுந்தது கடற்கரையை அழகுபடுத்தும் அரசுத் திட்டத்தின் பகுதியாக. 'அழகுபடுத்தல்' என்ற இச்சொல்லை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். 1985இல் அதே சொல்லின் பெயரால் மெரினா மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. எதிர்த்த மீனவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. 2017 ஜனவரி 23இல், சல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர் கலைக்கப்பட்ட அன்று, நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்து சாம்பராயிற்று. 2018இல் மெரினாவில் போராட்டம் நடத்த இடமளிக்க முடியாதென்ற அரசின் நிலையை உயர்நீதிமன்றம் ஏற்றது. வெண்கலத்தில் நால்வர் அங்கே இரவு பகலாக நிற்கலாம். உயிருள்ள நாலாயிரம் பேர் ஒரு மாலைப்பொழுது உட்கார முடியாது.

இதற்குச் சிற்பியைக் குற்றஞ்சாட்ட மாட்டோம். ஆனால் சிற்பம் இதற்கு ஏன் தடையாக நிற்கவில்லை என்று கேட்பது விமர்சனத்தின் கடமை. ஒரு காரணம் பீடம் என்று நாம் நினைக்கிறோம். ரோடான் தம் 'கலே நகரத்தார்' சிற்பத்தை உயர்ந்த பீடமின்றி, தெருவில் நடப்போரின் மட்டத்தில் நிறுத்த விரும்பினார். நகரத்தார் 1895இல் அதைப் பீடத்திலேற்றினர், 1924இல்தான் தாழ்த்தினர். மெரினாவின் நால்வர் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கின்றனர். அண்ணாந்து பார்க்கலாம், தோள்கொடுக்க முடியாது. ஐந்தாவது ஆளாக அந்தக் கோலைப் பிடிக்கும் ஆசை பார்ப்பவனுக்கு எழாதபடி உயரம் தடுத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. டலூவின் தேரில் பெண்கள் உண்டு: குடியரசு, நீதி, வளம். எல்லோரும் கருத்துக்கள்; ஒருத்தியாவது வேலைக்காரியல்லள். மெரினாவில் பெண்ணே இல்லை. கல்லுடைக்கும் இடத்தில் கல் சுமப்பவள் பெண் என்பதைச் சென்னையில் அறியாதவர் எவர்?

இப்போது குருநகருக்கு மீள்வோம். இங்கே சிலைகளுக்குக் குறைவில்லை. முன்னர் கரையூர் எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூர், புனித யாகப்பரைக் காவலராகக் கொண்டது. யாகப்பரும் கலிலேயக் கடலில் வலை இழுத்தவரே. ஆயினும் கத்தோலிக்க மரபில் அவர் சிலைகளின் கையில் பெரும்பாலும் யாத்திரைக் கோல்தான் இருக்கும், வலை இருப்பதில்லை. யூலை மாதத் திருவிழாவில் மீனவரின் தோளேறி வரும் மீனவர் அவர் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? 1993 நவம்பரில் அவ்வாலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதற்கு முன், 1986 யூன் 10இல், மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அவர்களை ஊர் நினைவுகூருகிறது. ஆக, இவ்வூரில் உழைப்பாளி நினைவுக்கு வருவது அவன் இறந்த பின்பே. உயிரோடு வலை பிடிக்கும் கைக்குச் சிலை வேண்டுமென்று இளைஞர் கேட்பதன் நியாயம் இதுதான்.

அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. மெரினாவை அப்படியே பெயர்த்தெழுத வேண்டாம். எந்த மீனவனுக்குச் சிலை என்று முதலில் உங்களுக்குள் வாதாடுங்கள். இழுவைமடியை 2017இல் சட்டம் தடைசெய்த பின்னும், அதைக் கொண்டோரும் சிறுவலைக்காரரும் ஒரே கடலில் ஒருவரையொருவர் வெறுப்போடு பார்க்கின்றனர். தமிழ்நாட்டுப் படகுகள் வந்து அறுத்துச் செல்லும் வலைகள் சிறுவலைக்காரருடையவை. அங்கிருந்து படகில் வருபவனும் பெரும்பாலும் இன்னொருவருக்காக இழுக்கும் கூலியாள். 'மீனவன்' என்று ஒரு தகட்டை அடித்து, இத்தனையையும் அதன் கீழ் புதைத்துவிட்டால், கரையிலும் ஒரு வரவேற்பறை வெண்கலம் வந்துவிடும். பெண்களை மறவாதீர்கள், மீனைத் தரம் பிரித்து, உலர்த்தி, சந்தைக்குச் சுமப்பது அவர்களே. பீடம் வேண்டாம். குழந்தைகள் ஏறி விளையாடக்கூடிய உயரம் போதும். வெண்கலமும் வேண்டியதில்லை, டலூவின் மண்ணுருவங்கள் கையளவே. பாரீஸை ஜெர்மானியர் பிடித்திருந்தபோது, அவருடைய 'குடியரசின் வெற்றி'யைச் சூழ்ந்த தடாகத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்த வெண்கல முதலைகள் உலோகத்துக்காக உருக்கப்பட்டன. அவர் பிசைந்த மண் இருக்கிறது.

படத்தை முதியவரிடமே விட்டுவிட்டு வர எண்ணினோம். அவர் வாங்கவில்லை. ஊசியை மீண்டும் வலைக்கண்ணில் கோத்துக்கொண்டு, "அடுத்த முறை வரேக்கை பின்பக்கத்துப் படமும் ஒண்டு கொண்டு வாங்கோ, மாஸ்ரர். குதிக்கால் எப்பிடி ஊண்டியிருக்கெண்டு பாக்க வேணும்" என்றார்.